ஓப்பன்எல்டாப் நீண்டகாலப் பாவனை: ஸ்லாப்கேட் பாதியில் விழுந்தால் எங்கே பார்ப்பது

திருகோணமலையில் மாரி தொடங்கினால் கரண்ட் போய் வருவது வழமை. யூபிஎஸ் பற்றரி பழுதான இடங்களில் பயனர் விபரங்களை வைத்திருக்கும் ஓப்பன்எல்டாப் டிரெக்டரி சேர்வரும் சேர்ந்தே நின்றுவிடும். அதன் தரவை எல்டிஃப் எனும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கும் கருவிதான் ஸ்லாப்கேட். ஓப்பன்எல்டாப் தரவைச் சேமிக்கும் பழைய முறையான எச்டிபி தரவுத்தளம் அப்படி நின்றால், மீட்பு ஓட்டாமல் தரவை வெளியே எடுப்பது ஆபத்து. அதற்குப் பின் வந்த சேமிப்பு முறையான எம்டிபி இதில் எவ்வளவோ மேல். மாற்றங்களை வேறு பக்கங்களில் எழுதி முடித்த பிறகே பழையதைக் கைவிடும். வேகத்துக்காக, மாற்றங்களை உடனே டிஸ்க்கில் பதியாமல் விடும் நோசிங்க் தெரிவைப் போட்டு அந்தப் பாதுகாப்பைக் கெடுக்காதீர்கள். 2021இல் வந்த 2.5 பதிப்பில் எச்டிபி நீக்கப்பட்டது. ஆகவே மேம்படுத்துவதற்கு முன்பே பழைய ஸ்லாப்கேட்டால் தரவை எடுத்துவிட வேண்டும்.

ஸ்லாப்கேட் ஓட்டிய உடனே விழுந்தால் பெரும்பாலும் தரவில் குறை இல்லை. அமைவுக் கோப்பில் சொன்ன மொடியூல் அந்தப் பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் விழுவதுதான் சிக்கல். எல்டிஃப் கோப்பின் கடைசிப் பதிவைப் பார்த்து அதைக் குற்றம் சொல்ல முடியாது. செக்மென்டேஷன் ஃபோல்ட், அதாவது நினைவகப் பிழையால் நிரல் திடீரென நிற்பது, வந்தால் பஃபர் எனும் தற்காலிக நினைவகத்தில் இருந்தது டிஸ்க்குக்குப் போகாமலே அழியும். உண்மையில் விழுந்த இடம் பல பதிவுகள் தள்ளி இருக்கலாம். கோப்பை எல் தெரிவால் கொடுத்து, வி தெரிவையும் சேர்த்து டெர்மினலிலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு பதிவின் எண்ணும் பதினாறடிமானத்தில் திரையில் வரும். கடைசி எண்ணுக்குரிய பதிவையும் அடுத்ததையும் சோதித்தால் போதும். பதிவுக்குத் தரவு இல்லை என்று பிழை காட்டி நின்றால் சி தெரிவு அதைத் தாண்டிப் போகும். செக்மென்டேஷன் ஃபோல்டுக்கு அது உதவாது. சப்ட்ரீ தெரிவால் கிளை கிளையாக எடுக்கவேண்டியதுதான்.

இதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எம்டிபியில் சேர்வர் ஓடும்போதே ஸ்லாப்கேட் எடுக்கலாம். ஆனால் அது வாசித்து முடியும்வரை பழைய பக்கங்களை மறுபடி பாவிக்க முடியாது. மெதுவான பென்டிரைவுக்கு எழுதும்போது சேர்வரில் மாற்றங்களும் நிறைய நடந்தால் தரவுத்தளம் ஊதும். தரவுத்தளத்தின் உச்ச அளவைச் சொல்லும் மேக்ஸ்சைஸ் போடாவிட்டால் எல்லை 10485760 பைட், அதாவது 10 எம்பிதான். நிரம்பியதும் சேர்வர் எழுத மறுக்கும். இடையில் கொன்ற ஸ்லாப்கேட்டின் வாசிப்புத் தடமும் அப்படியே கிடந்து பக்கங்களைப் பிடித்து வைத்திருக்கும். எம்டிபியின் நிலையைக் காட்டும் எம்டிபிஸ்டாட் கருவியை ஆர் தெரிவு இரண்டு தடவை கொடுத்து ஓட்டினால் அது துப்புரவாகும்.

தமிழ், சிங்களப் பெயர்கள் எல்டிஃபில் இரட்டை முக்காற்புள்ளியுடன் பேஸ்64 எனும் குறியாக்கத்திலேயே வரும். சொல் தேடும் கருவியான கிரெப்பில் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று தரவு போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ‘டிஎன்’ என்று தொடங்கும் வரிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு வேறொரு கணினியில் வெறும் கோப்புறைக்குள் எல்டிஃபைத் திரும்ப ஏற்றும் கருவியான ஸ்லாப்அட்டால் முழுதாக ஏற்றிப் பாருங்கள். ரூட்டாக ஏற்றினால் கோப்புகளின் உரிமையைச் சேர்வர் ஓடும் பயனருக்கு மாற்றிய பிறகே சேவையைத் தொடங்குங்கள்.