படிய விடுவதா, மிதக்க விடுவதா?

வன்னியில் மீன் பதனிடவோ பால் பதப்படுத்தவோ சிறு ஆலை போடுகிறவர் கழிவுநீருக்கு முதலில் நினைப்பது படிவுத் தொட்டியைத்தான். காணி தாராளம், கரண்ட் செலவு குறைவு. மணலும் செதிலும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அடியில் போய்விடும். சிக்கல் கொழுப்பில்தான்: பால்போலக் கலங்கி நடுவிலேயே நிற்கும்.

கரைகாற்று மிதப்பு முறை அங்கேதான் கைகொடுக்கிறது. சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை எடுத்து, 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்து, தொட்டிக்குள் திறந்துவிடுகிறார்கள். அழுத்தம் விட்டதும் சோடாப் போத்தல் திறந்ததுபோல நீர் வெளுக்கும். முடியைவிட மெல்லிய குமிழிகள் படிகாரம் போட்டுத் திரட்டிய கொழுப்பில் ஒட்டி மேலே தூக்கும். அரை மணித்தியாலத்துக்குள் நுரை திரண்டுவிடும், தகட்டால் வழித்தெடுக்கலாம்.

ஆனால் பம்பும் கம்பிரசரும் ஓய முடியாது. நம் வெயிலில் சூடான நீரில் காற்றும் குறைவாகவே கரையும். வழித்த கொழுப்பை உடனே அகற்றாவிட்டால் நாற்றம் வேறு.

மீனுக்கும் பாலுக்கும் என் தெரிவு மிதப்புத்தான், மணலை முன்னாலேயே வடித்துவிட்டு. நெல் அவிக்கும் ஆலை என்றால் இரண்டும் போதாது: ஊறல் தண்ணீரில் கரைந்த மாச்சத்தையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்தான் தின்ன வேண்டும்.