கருப்பு பேஸும் அந்த ஸ்ப்ரே பாலிஷும்

புதிதாக பேஸ் கிட்டார் வாங்கிய நண்பர் ஒருவர், பாலிஷ் எதை வாங்கலாம் என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், வந்ததெல்லாம் எரிச்சல்தான். சரி, கொட்டிவிடுகிறேன்.

என் பேஸில் பாடி கருப்பு, பாலியெஸ்டர் பூச்சு, நல்ல பளபளப்பு. விரல் வைத்து அழுத்துகிற பலகையான ஃப்ரெட்போர்டு, பூச்சே இல்லாத ரோஸ்வுட் மரம். நெக்கின் பின்பக்கம் சாட்டின், அதாவது பளபளப்பு இல்லாத மங்கலான பூச்சு. ஆக ஒரே வாத்தியத்தில் மூன்று விதமான பரப்பு இருக்கிறது, "எல்லாவற்றுக்கும் ஏற்றது" என்று எழுதிய ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் வீட்டில் இருக்கிறது. ரொம்ப நாளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பாடியில் அடித்துத் துடைத்தால் முதல் பத்து நிமிடம் முகம் பார்க்கலாம், அதில் குறையே சொல்ல முடியாது. அப்புறம் வாசிக்க ஆரம்பித்ததும் வலது முன்கை படுகிற மேல் விளிம்பில் வெள்ளையாக ஒரு மூட்டம் படியும். பாலிஷ் விட்டுப்போன மெல்லிய படலமும் வியர்வையும் சேர்ந்த வேலை அது. உலர்ந்த துணியால் துடைத்தால் போகாது, பக்கத்து இடத்துக்கு நகரும், பக்கவாட்டில் விளக்கு விழுந்தால் துணி போன வட்டம் வட்டமான தடம் அத்தனையும் தெரியும். இதே பாலிஷை வெள்ளை பேஸிலோ, நடுவில் வெளிறி ஓரம் கருத்த சன்பர்ஸ்டிலோ போட்டால் யாருக்கும் கண்ணில் படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய கீறல்களை நன்றாகவே மறைக்கிறது, வாசனையும் பரவாயில்லை. ஆனால் என்னிடம் இருப்பது கருப்பு, நான் என்ன செய்ய?

அந்த மூட்டத்தை எடுப்பது எது தெரியுமா? தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, உடனே இன்னொரு உலர்ந்த துணி. அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கியதை எடுக்கச் சும்மா கிடைக்கிற தண்ணீர்.

நெக்கின் பின்பக்கம் இந்த ஸ்ப்ரே பக்கமே போகக் கூடாது. சாட்டினைத் தேய்க்கத் தேய்க்க அங்கங்கே பளபளப்புத் திட்டு விழும், கட்டைவிரலும் வழுக்காமல் ஒட்டும். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சு உள்ள பழைய பேஸ் என்றால் இன்னும் கவனம்: சில ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்டாலே தடம் விழுகிற பூச்சு அது, அதற்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதிர்பாராத சந்தோஷம் ஃப்ரெட்போர்டு எண்ணெய். எலுமிச்சை எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் மினரல் ஆயில்தான், எலுமிச்சை பெயருக்குத்தான். இருக்கட்டும். ஸ்ட்ரிங்கைக் கழற்றினால், பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் விரல் அழுக்கு வரப்பு கட்டி நிற்கும். பழைய பிளாஸ்டிக் கார்டின் முனையால் அதைச் சுரண்டிவிட்டு, துணியில் சில சொட்டு விட்டுத் தடவினால் வெளிறிக் கிடந்த மரம் கண்ணெதிரே கருத்து, அதன் வரிகள் மேலே வருகின்றன. மிச்ச எண்ணெயைச் சில நிமிடத்தில் துடைத்துவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை தாராளம். பூச்சுள்ள மேப்பிள் மர ஃப்ரெட்போர்டுக்கு இது வேண்டவே வேண்டாம், உள்ளே இறங்காது.

ஃப்ரெட் கம்பியைப் பளபளப்பாக்க 0000 ஸ்டீல் வூல் (மிக மெல்லிய இரும்பு இழை) எடுப்பவர்கள் முதலில் ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கிற காந்தமுள்ள பிக்கப்பை டேப் போட்டு மூடுங்கள். உதிரும் இரும்புத் தூள் நேராகக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு பொறுக்கியே ஓய்ந்துவிடுவீர்கள். ஸ்ட்ரிங்குக்கு, வாசித்து முடித்ததும் ஒரு துடைப்பு போதும். மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஸ்ட்ரிங்கை மாற்றவே மாட்டார் என்று சிலர் ஆரம்பிப்பார்கள். அவர் போட்டது மேலே வழவழப்பான ஃபிளாட்வூண்ட் ஸ்ட்ரிங், ஐயா. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்டின் இடுக்கில் அழுக்கு ஏறினால் ஒலி செத்துவிடும்.

நண்பருக்கு என் பதில்: இரண்டு நல்ல துணியும், ரோஸ்வுட் என்றால் ஒரு சின்ன பாட்டில் எண்ணெயும் வாங்குங்கள், பாலிஷ் வேண்டாம். நான்? இந்த பாட்டில் தீர்ந்தால் இதையேதான் மறுபடி வாங்குவேன். கருப்பில் அந்தப் பத்து நிமிடப் பளபளப்பை வேறு எதுவும் தரவில்லை. ஆனால் உள்ளே சிலிக்கோன் இருக்கிறதா இல்லையா என்று பாட்டிலில் ஒரு வரி போட என்ன கேடு? நாளைக்குப் பூச்சு உரிந்து திரும்ப அடிக்க வேண்டி வந்தால், சிலிக்கோன் பட்ட இடத்தில் புதுப் பூச்சு சின்னச் சின்னக் குழியாக விலகி நிற்கும், திட்டு வாங்கப்போவது பெயின்ட் அடிப்பவர்.