அட்கார் மதிப்பீட்டுத் தாள்: எதில் கைகொடுக்கும், எதில் காலை வாரும்

புதிய மென்பொருளோ புதிய ஷிப்ட் முறையோ வந்தால் "இதெல்லாம் இங்கே சரிப்படாது" என்பவர்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது மேலாளர்களின் வழக்கம். புரோசை நிறுவனத்தின் ஜெஃப் ஹயாட் உருவாக்கிய அட்கார் (ADKAR) என்ற மாற்ற மேலாண்மை முறை அந்த மூட்டையைப் பிரிக்கிறது. ஏன் மாற வேண்டும் என்ற புரிதல், மாற விருப்பம், எப்படி என்ற அறிவு, செய்யும் திறன், பழையபடி திரும்பாமல் நிலைக்கச் செய்வது என ஐந்து படிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். வரிசையில் முதலில் 3 அல்லது அதற்குக் கீழே வருவதுதான் முட்டுக்கட்டை. வேலை அங்கிருந்து தொடங்கும்.

இதன் பலமே இந்த வரிசைதான். புரிதல் 4, விருப்பம் 2 என்று இருப்பவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது காசைக் கரியாக்குவது. "இதனால் என் வேலைக்கு என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு நேர் மேலதிகாரி ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னாலே பாதி இறுக்கம் தளரும். அறிவு 4, திறன் 2 என்றால் கதையே வேறு. இனி வகுப்பு தேவையில்லை, பழக நேரமும் பக்கத்தில் சொல்லித்தர ஓர் ஆளும் வேண்டும்.

குறைகளும் உண்டு. பெயர் போட்டு நிரப்பச் சொன்னால் எல்லோரும் 4 போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். உட்கார்ந்து பேசி நிரப்புவதே நம்பகமானது. குழுச் சராசரியும் வீண்: பாதிப் பேர் 5, மீதிப் பேர் 1 என்றாலும் சராசரி 3தான். யோசனையே தப்பாக இருந்தால் அதைச் சொல்ல இதில் கட்டமே இல்லை. கீழே நீங்களாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "இது எங்கே சொதப்பும் என்று நினைக்கிறீர்கள்?"