நாலு வருடமாக சைலண்டில் இருக்கும் என் போன்

2020 அக்டோபரில் ஒரு ராத்திரி என் போனின் மணியை அணைத்தேன். நடுவில் இரண்டு போன் மாற்றியாகிவிட்டது, மணி மட்டும் திரும்பி வரவில்லை. யாராவது கேட்டால் "ரொம்ப நிம்மதிங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். அது பாதி உண்மைதான் என்பதால் மீதியை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிநாட்டு பையர் ஒரு பக்கம், நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் இன்னொரு பக்கம், நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறவன்தான் மெர்ச்சண்டைசர். சரக்கு தூத்துக்குடிக்குப் போய்ச் சேரும்வரை போனில் பேசுவதுதான் வேலை. முதல் லாக்டவுன் முடிந்து கம்பெனிகள் திறந்ததும், தேங்கிக் கிடந்த ஆர்டர் எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழுந்தது. ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், 71 கால். சனிக்கிழமை இங்கே வாரச் சம்பள நாள். பேமென்ட் கேட்டு கான்ட்ராக்டர்கள் கூப்பிடுவது சாயங்காலம் வரை ஓயாது. அந்த வாரம் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் ரிங்டோன் கேட்க ஆரம்பித்தது. ஈரத்தோடு ஓடி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. மூன்றாவது முறை அப்படி ஏமாந்தபோது அணைத்துவிட்டேன்.

ஆரம்பத்தில் முரட்டுத்தனமாகத்தான் செய்தேன். மணி கிடையாது, வைப்ரேஷனும் கிடையாது. பதினோராம் நாள் அதற்குப் பலன் கிடைத்தது. டையிங் மெஷினுக்கு ராத்திரி பகல் தெரியாது. பையர் ஓகே செய்த லேப் டிப்போடு, அதாவது கலர் சாம்பிள் துணியோடு, வைத்துப் பார்த்தால் லாட் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, இறக்கிவிடவா, இன்னும் கலர் ஏற்றவா என்று கேட்க டையிங் மாஸ்டர் ராத்திரி ஒன்றரைக்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் நல்ல தூக்கம். அவர் தன் கணக்குக்கு முடிவெடுத்து இறக்கிவிட்டார். காலையில் பார்த்தால் 600 கிலோ துணி, பையர் கண்ணில் காட்டவே முடியாத ஒரு நீலத்தில் கிடக்கிறது. மறு டையிங் செலவு கம்பெனி தலையில், நாலு நாள் தாமதம் என் தலையில். மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் கேட்டார், நான் எடுக்கவில்லை.

அப்புறம்தான் 'டூ நாட் டிஸ்டர்ப்' வசதிக்குள் போய் ஒழுங்காகப் படித்தேன். ஆண்ட்ராய்டில் ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்கலாம். ஐபோனில் அதே வசதிக்கு 3 நிமிடம்தான் கெடு. அவசரம் உள்ளவன் விடமாட்டான், மறுபடி கூப்பிடுவான் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது எடுபடவில்லை.

விடாமல் மறுபடி மறுபடி கூப்பிட்டவர்கள் யார் என்று பாருங்கள்: ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட், லோன் வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெண், நூல் விலை ஏறப்போகிறது என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு புரோக்கர். ஒரே தடவை கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டவர்கள்: என் அம்மா, செக்கிங்கில் வேலை செய்யும் அக்காக்கள், ஊரில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன். ஒருநாள் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியிருக்கிறது. ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார், நான் எடுக்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டில் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். கேட்டால், "வேலையா இருப்பே, தொந்தரவு பண்ண வேண்டாம்னு வச்சுட்டேன் கண்ணு" என்கிறார். பவிசாக வடிகட்டி ஒன்றை மாட்டி வைத்தேன். தயங்குகிறவர்கள் எல்லாம் வெளியே நின்றார்கள், தயங்காதவர்கள் உள்ளே வந்தார்கள்.

இதில் அம்மா தலைமுறையின் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. 2003 மே மாதம்தான் இங்கே இன்கமிங் இலவசமானது. அதுவரை எடுத்தாலே காசு. அதற்குப் பிறகும் வெகுகாலம் மிஸ்டு காலிலேயே குடும்பம் நடந்தது: ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. அப்படிப் பழகியவர்கள் இன்றும் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். நாம் திரும்பக் கூப்பிடுவோம் என்று நம்பிக் காத்திருப்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் பேச்சுக்குத் தனியாகக் காசு என்ற கணக்கே ஒழிந்தது. என் 71 காலுக்கும் அதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் ஒருவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று காசு யோசிக்க வைத்தது.

அடுத்து ஸ்டார் பட்டியலுக்கு வந்தேன். நாம் ஸ்டார் போட்டு வைத்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று நடக்கும் அத்தனை பஞ்சாயத்தும் என் போனுக்குள் நடந்தது. அம்மா, மனைவி, மகளின் பள்ளி, முதலாளி, டையிங் மாஸ்டர். சரி. பெரிய மச்சான்? அவரைப் போட்டால் சின்ன மச்சானை விட முடியுமா? ஒரு காது குத்து விசேஷத்தில் போட்டோ பார்க்க என் போனை வாங்கிய சித்தி மகன் எதையோ தட்டிப் பட்டியலைத் திறந்துவிட்டான். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. "முதலாளிக்கு ஸ்டார் இருக்குது, எங்களுக்கெல்லாம் இல்லீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டான். அன்று ராத்திரியே பட்டியல் 31 பேருக்கு நீண்டது. 31 பேர் மணி அடித்தால் அப்புறம் எதற்கு சைலண்ட்? ஆறு மாதம் கழித்து ஓசையில்லாமல் 12 ஆக்கினேன். இப்போது போனை யாரிடமும் கொடுப்பதில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்றேன். "எனக்கு எல்லாமே அவசரந்தானுங்களே" என்று சிரித்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பையர் ஜெர்மனி. அவர்களுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அவர்கள் மத்தியானச் சாப்பாடு முடித்து மெயில் போடும்போது இங்கே விளக்கு வைத்தாகிவிட்டது. அவர்களுடைய ஐந்து மணிக்கு மேல் நாம் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். ஆகஸ்டில் மூன்று வாரம் லீவில் இருக்கிறேன் என்று தானாக ஒரு பதில் வரும், அவ்வளவுதான். டெலிவரி தேதிக்கு மட்டும் லீவு கிடையாது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரம் தாண்டித் தொடர்பைத் துண்டிக்கிற உரிமை பற்றித் தொழிலாளர்களோடு பேசியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் மக்களவையிலும் 2018இல் எம்.பி. சுப்ரியா சுலே அப்படியொரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

அந்த பையர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் அவர்கள் ஐந்து மணிக்கு மூடிவைத்துவிட்டுப் போக முடிவது, இங்கே ராத்திரி பத்து மணிக்கு யாரோ ஒருவர் எடுப்பதால்தான். அந்த யாரோ ஒருவர் முன்பு நான். நான் சைலண்டில் போட்டபின் என் அசிஸ்டண்ட் பையன். ராத்திரி அவசரத்துக்கு என்று அவன் நம்பரை டையிங்குக்குக் கொடுத்ததே நான்தான். அவனுக்கு அப்போது 24 வயது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளிக்கிற இடத்தில் அவன் இல்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான். என் வாரத்தில் தலையணைக்குப் பக்கத்தில் மணி அடிக்கத்தான் செய்கிறது. ஆக, நாலு வருட சைலண்ட் என்று நான் சொல்வதில் கொஞ்சம் பொய் இருக்கிறது.

நல்லது எதுவும் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. குளியலறை ரிங்டோன் மூன்றாவது மாதத்தில் நின்றது. ஒரு பீஸுக்கு என்ன செலவு என்று காஸ்டிங் ஷீட் போடும்போது நடுவில் மணி அடித்து ஒரு கட்டம் தவறிப் போய், அந்தப் பத்து பைசா வித்தியாசம் ஒரு லட்சம் பீஸில் பெருகி முதலாளி முகம் மாறுகிற சம்பவம் அப்புறம் நடக்கவில்லை. சாப்பிடும்போது சாப்பிடுகிறேன். ஆனால் ஒன்று, போனைப் பார்ப்பது குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டது. மணி அடிக்காது என்று தெரிந்ததும் கை தானாக எடுத்துப் பார்க்கிறது. கடிகாரமாவது அதிரட்டும் என்று ஸ்மார்ட்வாட்ச் ஒன்று வாங்கினேன். மணிக்கட்டில் யாரோ சுரண்டிக்கொண்டே இருப்பது போல் இருந்தது. சின்ன மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். (ஸ்டார் கொடுக்காத பாவத்துக்கு வாட்ச்.)

விளம்பரக் கால்கள் வேண்டாம் என்று 1909 என்ற நம்பரில் பதிந்து வைத்திருக்கிறேன். 140 என்று தொடங்குகிற விளம்பர நம்பர்களைக் கண்டுபிடிக்கலாம். சாதாரணப் பத்து இலக்க நம்பரில் வருகிறவர்களுக்கு 1909ஆவது ஒன்றாவது.

எனக்கு வெட்கமாக இருப்பது டெலிவரி ஆட்கள் விஷயத்தில். சிலிண்டர் கொண்டு வருகிற அண்ணன், பார்சல் கொண்டு வருகிற பையன், இவர்களுக்கு நான் எடுக்காத ஒவ்வொரு நிமிடமும் அடுத்த வீட்டுக்குத் தாமதம். ஒருமுறை ஒரு பையன் வெயிலில் கால் மணி நேரம் எங்கள் சந்து முனையில் நின்றிருக்கிறான். நான் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே நிம்மதியாக இருந்தேன். இப்போதெல்லாம் பார்சல் வருகிற நாளில் மணியைப் போட்டுவிடுவேன். மறந்துவிடுகிற நாளும் உண்டு.

ஆபீஸில் இருபத்தி சொச்சம் வயதுப் பிள்ளைகளுக்கு என் போன் ஒரு பிரச்சினையே இல்லை. "கூப்பிடலாமாங்க சார்?" என்று மெசேஜ் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தாராபுரத்தில் இருக்கும் மாமாவுக்கு அப்படி ஒரு மெசேஜ் போட்டேன். உடனே கூப்பிட்டார். "ஏன் மாப்ள, எங்கூடப் பேசறதுக்கு அனுமதி கேக்கற அளவுக்கு நான் என்ன கலெக்டரா?" நிஜமாகவே வருத்தப்பட்டார். அவருக்குப் போன் என்பது திண்ணை மாதிரி. வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அனுமதி கேட்பது மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆளைத் தள்ளி வைப்பது என்று அவருக்குத் தோன்றுகிறது. இரண்டு பேரும் சரி என்பதால் இதற்குத் தீர்வே கிடைக்கவில்லை.

கல்லூரி நண்பன் ஒருவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் கூப்பிடுவான். விஷயம் எதுவும் இருக்காது. பஸ் வந்ததும் பாதிப் பேச்சில் வைத்துவிடுவான். நான் எடுக்காமல் ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பக் கூப்பிட்டால், "ஒண்ணுமில்லடா, அப்பச் சும்மா கூப்பிட்டேன்" என்பான். அப்போது சும்மா என்றால் அப்போது மட்டும்தான் சும்மா. ஒன்பது மணிக்குத் திரும்பக் கூப்பிட்டால் அது ஏதோ அலுவல் மாதிரி ஆகிவிடுகிறது, இருவருக்கும் பேச வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் கூப்பிடுவது நின்றுபோனது. நாலு வருடத்தில் நான் இழந்தவற்றில் இதைத்தான் பெரியதாக நினைக்கிறேன். இதற்கு எந்த செட்டிங்கும் இல்லை.

போன வருடம் பெரியப்பா தவறிப்போனார். விடியக்காலை நாலு மணி. அண்ணன் நேராக என் மனைவிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். காங்கேயம் போய்ச் சேர்ந்ததும், மாலையை வாங்கி வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "உனக்குப் போட்டா எடுக்க மாட்டீன்னு தெரியும், அதான் அம்மிணிக்குப் போட்டேன்." குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த தகவல் போலச் சொன்னார். திரும்பி வரும்போது காரில் மனைவியின் கால் பட்டியலைப் பார்த்தேன். என் மச்சான், என் சித்தி, பால்காரர், என் பழைய டெய்லர், ஒரு வாரத்தில் பாதி என்னைத் தேடி வந்தவை. அவள் பள்ளியில் ஆறு பீரியட் நின்று பாடம் எடுத்துவிட்டு வருகிறவள். "நாலு வருஷமா உங்களுக்கு நாந்தான் டெலிபோன் ஆபரேட்டர், இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்" என்றாள்.

போன மாதத்திலிருந்து அவளும் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை போனை அணைத்து வைக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதல் வாரமே எதிர்வீட்டு அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். "உங்க மாமா லைன்ல இருக்காருங்க. ரெண்டு பேருமே எடுக்க மாட்டேங்கறீங்களாமா." சின்ன வயதில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்பாவின் விசிட்டிங் கார்டில் பக்கத்து மளிகைக் கடையின் நம்பரைப் போட்டு அதன் அருகில் 'பி.பி.' என்று அச்சடித்திருக்கும். கடைக்காரர் பையனை அனுப்பிக் கூப்பிடுவார், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். நான் அக்காவின் போனை வாங்கி வாசலிலேயே நின்று பேசினேன். மாமா சும்மாதான் கூப்பிட்டாராம்.