போர்டு போகவில்லை, ரேம்தான்

டொராண்டோவிலிருந்து கொண்டுபோன லேப்டாப் சென்னையில் திடீரென்று மக்கர் செய்தது. பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டர். டோக்கன் கொடுத்து உட்காரவைத்தார்கள். கவுண்டரில் இருந்தவர் ஒரு தடவை ஆன் செய்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு மேடம், 22,000 ஆகும்" என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கனடாவில்தான் பொருளை உள்ளே வாங்கிக்கொண்டு பில்லை மட்டும் நீட்டுவார்கள். நம் ஊருக்கும் அது வந்துவிட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

நேராக ரிச்சி தெரு. கல்லூரி நாட்களில் பாகம் பாகமாக வாங்கி கம்ப்யூட்டர் சேர்த்த அதே தெரு. பைக்குகளுக்கு நடுவே நடக்க இன்றைக்கும் வழியில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை, ஒரு தம்பி. எல்லாவற்றையும் என் கண் முன்னால் செய்தார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்தார். பலனில்லை. திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார்; மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் மட்டும்தான் போயிருக்குமாம். தெரியவில்லை. ஹெச்டிஎம்ஐ வயரைப் பழைய மானிட்டரில் செருகினார். அதிலும் இருட்டு, ஆகவே கோளாறு திரையில் இல்லை. அப்புறம் அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இரண்டு ரேமையும், அதாவது மெமரி அட்டைகளை, கழற்றினார். தங்க நிறப் பற்களில் மங்கலாகக் கறை. பென்சில் ரப்பரால் பதமாகத் தேய்த்து, தூளைத் தட்டி, ஒன்றை மட்டும் மாட்டினார். லோகோ வந்தது! இரண்டாவதும் சரி.

"போர்டுக்கு ஒண்ணும் இல்லக்கா. கறை புடிச்சிருந்துச்சு, அவ்ளோதான்." 300 ரூபாய் வாங்கினார். மனசு குளிர்ந்துவிட்டது.

பட்டன், டார்ச், மானிட்டர் மூன்றுக்கும் ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வெளி மானிட்டரில் படம் வந்தால் பெரும்பாலும் திரையோ அதன் கேபிளோதான் கோளாறு. அதைச் சொல்லியே லேப்டாப்பைக் கொடுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் இந்த ரப்பர் வைத்தியம் நடக்காது.

பவர் விளக்கே எரியாவிட்டால் முதலில் பிளக்கைப் பாருங்கள். சார்ஜர் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் ஊர் 230 வோல்ட் அதை ஒன்றும் செய்யாது. கனடா பிளக்குக்கு மாட்டும் கன்வெர்ட்டர்தான் சாக்கெட்டில் ஆடும். அடாப்டரில் கழற்றி மாட்டும் வயர் என்றால், அதற்குப் பொருந்துகிற நம் ஊர் மூன்று பின் வயர் ஒன்றை ரிச்சி தெருவிலேயே வாங்கிவிடுங்கள்.