தழைச்சத்துக் கணக்கு: முழு இயற்கை முறையும் அளந்து உரமிடும் முறையும்

ஐந்து ஆண்டுகள் ரசாயன உரம் எதையும் தொடாமல் நெல் பயிரிட்ட பிறகு, தொழுவுரத்தைக் கைவிடாமல் அதனுடன் யூரியாவையும் அளந்து இடும் முறைக்கு நான் மாறினேன். இரண்டையும் ஒரே மண்ணில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்; என் சாய்வு இரண்டாவது முறையின் பக்கம்தான்.

விலை, சான்றிதழ், களையெடுப்புக்கான ஆள் தேவை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. முழு இயற்கை முறையின் பெரிய நன்மை வயலில் வாழும் உயிர்கள்தான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அத்தகைய வயல்களில் சராசரியாக 30 சதவீதம் அளவுக்கு அதிக உயிரின வகைகள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதே போன்ற தொகுப்புகளில் விளைச்சல் சுமார் 20 முதல் 25 சதவீதம் குறைவாகவும் வந்திருக்கிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட வேறெங்கோ கூடுதல் நிலத்தை உழ வேண்டியிருக்கும் என்பதால், சுற்றுச்சூழல் கணக்கை வரப்போடு முடித்துவிட முடியாது.

என் முடிவைத் தீர்மானித்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு 100 கிலோ தழைச்சத்து தேவை என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் அது 46 சதவீதம் இருப்பதால் ஏறத்தாழ 217 கிலோ போதும். தொழுவுரத்தில் சுமார் அரை சதவீதமே இருப்பதால் 20 டன் வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும், மற்றது மெல்ல மட்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவரும். அந்த 20 டன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் வெகு தாமதமாகத்தான் கேட்டுக்கொண்டேன். மாடு தழைச்சத்தை உண்டாக்குவதில்லை; தீவனம் விளைந்த நிலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நான் வெளியிலிருந்து வாங்கிய சாணத்துக்குப் பின்னால் இருந்த தீவனப் பயிர் யூரியா போட்டு வளர்க்கப்பட்டது என்று தெரிந்த நாளில், என் வயல் ரசாயன உரமே இல்லாமல் விளைகிறது என்ற நம்பிக்கை தகர்ந்துவிட்டது.

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றபடி பிணைக்கப் பெரிய அளவில் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர். மற்றது யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவைத் தயாரிக்கும், 1913-ல் ஜெர்மனியில் தொழிற்சாலை அளவில் தொடங்கிய ஹேபர்-பாஷ் முறை. முதல் வழியை நான் இன்றும் விடவில்லை. நடவுக்கு முன், வேர்முடிச்சுள்ள பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதால் மண்ணில் கணிசமான தழைச்சத்து சேர்கிறது. ஆனால் அதற்கு ஏழு வாரம் போல நிலமும் நீரும் வேண்டும், எல்லாப் பருவத்திலும் அவை வாய்ப்பதில்லை. இரண்டாவது வழிக்கு இயற்கை எரிவாயு போன்ற எரிபொருள் செலவாகிறது என்பதும் உண்மை. அதனால்தான் யூரியாவைத் தள்ளிவைப்பதை விட, தேவைக்கு மேல் ஒரு பிடியும் போகாமல் பார்ப்பதே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தேன்.

யூரியாவில் விளைந்த உணவில் ரசாயனம் தங்கியிருக்கும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறிவிடுகிறது. நீர் தேங்கிய நெல் வயலில் வேர் பெரும்பாலும் அந்த அம்மோனியத்தையே எடுத்துக்கொள்கிறது. மேட்டு நிலத்தில் அது நைட்ரேட்டான பிறகு எடுக்கிறது. சாணத்திலிருந்து வந்தாலும் வேர் உறிஞ்சுவது இவற்றைத்தான். உண்மையான தீங்கு அளவு மீறும்போது வருகிறது: நைட்ரேட் நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அந்த வாயு கரியமில வாயுவை விட 270 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. சாணத்தை அளவில்லாமல் கொட்டினாலும் இதே இழப்புகள் உண்டு.

அளவைக் கண்டறிய நான் நம்புவது இலை வண்ண அட்டையை, அதாவது இலையின் நிறத்தோடு ஒப்பிடப் பல பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டையை. நட்ட இரண்டு வாரத்திலிருந்து ஏழு அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, என் நிழலில் அட்டையைப் பிடித்து, முழுதாக விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். பத்துச் செடிகளில் ஆறோ அதற்கு மேலோ ரகத்துக்கான நிறத்தை விட வெளிறியிருந்தால் மட்டுமே யூரியா. அதையும் நீரை வடித்து மண் சேறாக இருக்கும்போது தூவுவேன். நிறம் சரியாக இருந்து மூட்டையைத் தொடாமல் திரும்பிய நாட்கள் பல உண்டு.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் தொடரும் கோதுமைச் சோதனை என் மாற்றத்துக்குத் துணிவு தந்தது. அங்கே ஆண்டுதோறும் தொழுவுரம் பெற்ற பாத்திகளில் மண்ணின் கரிமச்சத்து இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ரசாயன உரம் மட்டும் பெற்றவற்றில் அப்படி உயரவில்லை. தொழுவுரத்தோடு தழைச்சத்து உரமும் பெற்ற பாத்திகளோ, தொழுவுரம் மட்டும் பெற்றவற்றை விட அதிகம் விளைந்தன. ஆகவே சாணத்தை நிறுத்திவிட்டு மூட்டையை மட்டும் நம்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பூச்சி மருந்தில் என் அனுபவம் குறுகியது. ஆயினும் இயற்கை முறை என்றால் மருந்தே கிடையாது என்பது தவறு: பூஞ்சைக்கு எதிராக அம்முறையில் பல நாடுகள் அனுமதிக்கும் தாமிரக் கலவை மண்ணில் சிதைவதே இல்லை. பழத் தோட்டமும் மரப்பயிரும் நான் வளர்த்ததில்லை. அறுவடையில் குறைந்த தழைச்சத்தே வெளியேறும் அத்தகைய நிலங்களில் முழு இயற்கை முறை எளிதாகக் கைகூடலாம்.