வயர்லெஸ் மைக்: ரீசார்ஜா, ஆல்கலைனா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கோயில்களில் காவடி நாளில் மைக் மணிக்கணக்கில் ஓடும். அதற்கு எனிலூப் மாதிரியான ரீசார்ஜ் ஏஏ பேட்டரியே என் தேர்வு. ஒருமுறை மட்டும் பயன்படும் ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். எனிலூப் வகையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2-ஐ ஒட்டியே நின்று கடைசியில் சட்டென விழும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் (மைக்கில் ஒலியை அனுப்பும் பகுதி) மெனுவில் பேட்டரி வகையை மாற்றாவிட்டால் பேட்டரி மீட்டர் பொய் சொல்லும். தேவாரத்தின் நடுவே மைக் அணையும். ஜோடியைக் கலைக்காதீர்கள், ஒன்று பலவீனமானால் மற்றதும் பயன்படாது. தனித்தனியாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜரே வாங்குங்கள்.

9 வோல்ட் மைக்குக்கோ ஆல்கலைன்தான் மேல். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் வகையில் அதன் கொள்ளளவில் பாதி தேறினாலே அதிகம். மின்வெட்டு நாளுக்கு ஒரு ஏஏ ஆல்கலைன் ஜோடி பையில் இருக்கட்டும். விழா முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஸ்பிரிங் அரித்துப்போகும்.